ரன்வே அவங்களுது: மதுரையிலிருந்து உச்சிப்புளி வரை

வெள்ளி, பெருங்குடி

ராமேஸ்வரத்துக்கு விமானம் வரப்போகிறது என்ற பேச்சு எங்கள் பக்கம் புதிதல்ல. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலில் ராமநாதபுரத்தின் பெயர் வந்தபோது ஒரு தடவை பேசி ஓய்ந்தார்கள். 2025 மார்ச்சில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட்டில் ராமேஸ்வரம் விமான நிலையத்தை அறிவித்ததும் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. இடம் எங்கே என்று கேட்டால் கீழக்கரைப் பக்கம் என்பார் ஒருவர், உச்சிப்புளி என்பார் இன்னொருவர். உச்சிப்புளியில் ஏற்கெனவே ஒரு ரன்வே இருக்கிறது. அது கடற்படையுடையது. பெயர் ஐ.என்.எஸ். பருந்து.

கடற்படை ரன்வேயில் பயணிகள் விமானம் இறங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்க எனக்கு வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை. திருநகரில் பெரியப்பா இருக்கிறார். 1972-ல் கடற்படையில் சேர்ந்து, விமான மெக்கானிக்காக கோவாவிலும் கொச்சியிலும் வேலை பார்த்து, ஓய்வு பெறுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் உச்சிப்புளியிலும் இருந்துவிட்டு வந்தவர். "வர்றீங்களா பெரியப்பா, உச்சிப்புளி வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்றேன். "உள்ள விட மாட்டாய்ங்கடா" என்றார். சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து பையை இறக்கினார்.

நாளைக் காலைதான் கிளம்புகிறோம். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இன்று சாயங்காலம் இரண்டு பேரும் ரிங்ரோட்டுப் பக்கம் போய் மதுரை விமான நிலையத்தை வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்தோம். ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, சென்னை விமானம் இறங்குவதைப் பார்க்க நாலைந்து குடும்பங்கள் நின்றன. அந்தக் கூட்டத்தை நம்பியே ஒரு சுண்டல் வண்டி.

"இதுவும் பட்டாளத்துக்காரன் இடந்தான், தெரியும்ல?" என்றார் பெரியப்பா. தெரியும். 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் இது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்ட வருஷம். அடுத்தது நம் கரைதான் என்ற பயத்தில் தென்னாட்டில் பல இடங்களில் அவசர அவசரமாக ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்து அவர்கள் மூட்டை கட்டியதும் மதுரை சிவிலுக்கு வந்துவிட்டது. 1956-ல் முதல் பயணிகள் விமானம், 2010 செப்டம்பரில் இப்போது இருக்கும் முனையம், 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம். நடுவில் எந்தப் படையும் வந்து குடியேறவில்லை. அதனால் எத்தனை மணிக்கு விமானம் இறங்கலாம் என்று மதுரை எந்தப் படையையும் கேட்க வேண்டியதில்லை.

மதுரையின் தொல்லை வேறு. ஓடுதளம் 2,285 மீட்டர்தான். பெரிய விமானம் வர வேண்டுமானால் நீட்ட வேண்டும். நீட்டப் போனால் நாங்கள் நின்றுகொண்டிருந்த இதே ரிங்ரோடு குறுக்கே கிடக்கிறது. ஓடுதளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை போட்டு ரோட்டைக் கொண்டுபோகலாமா என்று வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும், விடுவோம்.

சனி, விரகனூரிலிருந்து ராமநாதபுரம்

காலை ஆறரைக்குக் காரை எடுத்தோம். விரகனூர், சிலைமான், திருப்புவனம். பரமக்குடி வரைக்கும் நான்குவழிச் சாலை. கியர் மாற்றவே வேலையில்லை. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகிற ஆள் ஒரு மணி நேரத்தில் பறந்து மதுரைக்கு வந்துவிடுகிறார். அப்புறம் இந்த ரோட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகிறார். விமான நிலையம் கேட்பவர்களின் வாதம் முழுக்க அந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது.

மானாமதுரை தாண்டும்வரை பெரியப்பா பேசவில்லை. அப்புறம் கோவாவை ஆரம்பித்தார், பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோதுகூட விடவில்லை. அவர் சொன்னதோடு எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கோவாவின் டபோலிம் விமான நிலையத்தைக் கட்டியது போர்ச்சுக்கீசியர்கள். 1955-ல் கோவாவைச் சுற்றி இந்தியா கெடுபிடி செய்தது. எல்லையில் ரயில் நின்றது, சரக்கு நின்றது. வெளியுலகத்தோடு தொடர்பு வேண்டுமானால் வானம்தான் வழி என்று கோவா, டாமன், டையூ மூன்றிலும் ஓடுதளம் போட்டு, தங்களுக்கென்று ஒரு விமானக் கம்பெனியும் தொடங்கினார்கள். கராச்சிக்குப் போனது, ஆப்பிரிக்காவில் அவர்கள் வைத்திருந்த மொசாம்பிக்குக்கும் போனது. அதாவது டபோலிம் பிறக்கும்போது பயணிகள் நிலையம்தான்.

1961 டிசம்பர் 18 காலை இந்திய விமானப்படையின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் வந்து ஓடுதளத்தில் குண்டு போட்டன. முனையக் கட்டடத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு, அதனால் கட்டடம் தப்பியது. அன்றிரவு நடந்ததை மட்டும் பெரியப்பா இரண்டு தடவை சொன்னார். ஓடுதளத்தில் பள்ளம். இரண்டு பெரிய போர்ச்சுக்கீசிய விமானங்கள் தரையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. பள்ளத்தை அவசரமாகச் சரிசெய்து, மிச்சமிருந்த கொஞ்ச நீளத்தில் இருட்டில் ஓட்டிக் கிளப்பி, கடலை ஒட்டித் தாழப் பறந்து இரண்டும் கராச்சி போய்ச் சேர்ந்துவிட்டன. "ஓட்டுனவன் எதிரிப் பய. ஆனா ஓட்டுனான்ல?" என்றார். மெக்கானிக்குக்கு எந்த நாட்டு விமானமும் விமானம்தான்.

1962 ஏப்ரலில் இடம் கடற்படைக்குப் போனது. கோவாவின் ராணுவ ஆளுநராக இருந்த மேஜர் ஜெனரல் கண்டேத் காலத்தில் நடந்த கைமாற்றம் அது. கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்ஸா 1961 செப்டம்பரில் நம்ம சூலூரில்தான் தொடங்கப்பட்டது. 1964-ல் அது அப்படியே டபோலிமுக்கு இடம் மாறியது. விக்ராந்த் கப்பல் கரைக்கு வரும்போது அதிலிருக்கும் விமானங்களுக்கு ஒரு தரை வீடு வேண்டும். கடலோரத்தில் மேட்டின் மேல் இருந்த டபோலிம் அதற்குத் தோதாக இருந்தது. பயணிகள் விமானங்கள் அதற்கப்புறம் விருந்தாளியாகத்தான் உள்ளே வந்தன.

பெரியப்பா அங்கே அலிஸே விமானத்தில் வேலை பார்த்தார். பிரான்சில் செய்தது, நீர்மூழ்கிக் கப்பல் தேடுவதற்கு, மூக்கில் ஒற்றைப் புரொப்பெல்லர். பக்கத்துக் கொட்டகையில் ஸீ ஹாக் போர் விமானம். 1977-ல் ரஷ்யாவிலிருந்து கடல் ரோந்துக்கான ஐ.எல். 38 வந்தது, 1983 டிசம்பரில் நின்ற இடத்திலிருந்து எழும்பும் ஸீ ஹாரியர் வந்தது. இவற்றுக்கு நடுவில் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் ஒன்று பம்பாயிலிருந்து வந்து இறங்கி, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போகும்.

"எப்படிப் பெரியப்பா ரெண்டும் ஒரே ரன்வேல?"

"ஒண்டுக்குடித்தனம்டா. வீட்டுக்காரர் குளிச்சு முடிச்ச பிறகுதான் நமக்குக் குழாய்."

முனையக் கட்டடமும் அதன் முன்னால் விமானம் நிற்கும் இடமும் மட்டும்தான் விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பு. ரன்வே, கோபுரத்தில் உட்கார்ந்து இறங்கு, ஏறு என்று சொல்லும் ஆள், எல்லாம் கடற்படை. வார நாட்களில் காலை எட்டரை மணிவாக்கில் பயணிகள் விமானத்துக்குக் கதவு சாத்தினால் திறக்க மதியமாகிவிடும். அது விமானிகளுக்குப் பயிற்சி நேரம். 1987-லிருந்து ஐரோப்பாவிலிருந்து சுற்றுலாக்காரர்கள் தனி விமானம் பிடித்து வர ஆரம்பித்தார்கள், கோவா எங்கேயோ போய்விட்டது. அந்தக் காலை நேரம் மட்டும் அசையவில்லை. எல்லா விமானமும் மதியத்திலும் ராத்திரியிலும் மொய்த்தன.

கடற்படை ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று நானும் அரசியல்வாதிகள் கேட்பதுபோல் கேட்டேன். பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. கப்பல் மேல் இறங்குகிற விமானிக்கு முதலில் தரையில் பழக வேண்டும். டபோலிமில் கப்பல் முனைபோல் மேல்நோக்கி வளைந்த ஒரு சாய்தளமே கட்டி வைத்திருக்கிறார்கள், மிக்-29கே விமானிகளுக்கும் தேஜஸின் கடற்படை வடிவத்துக்கும் அதில்தான் பயிற்சி. அதை மோட்டார் போட்டு வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது. கடைசியில் கோவா மோப்பாவில் வேறு விமான நிலையம் கட்டிக்கொண்டது. 2022 டிசம்பரில் திறப்பு, 2023 ஜனவரி 5-ல் முதல் விமானம். டபோலிமும் நடக்கிறது, மோப்பாவும் நடக்கிறது.

மதியத்துக்குள் ராமநாதபுரம் வந்து லாட்ஜில் அறை எடுத்தோம். மாடிப்படி ஏறும்போது பெரியப்பா சட்டென்று குனிந்தார். என்னவோ ஏதோ என்று பிடிக்கப் போனேன். படியோரம் கிடந்த ஒரு சின்ன நட்டை எடுத்து, விரலால் துடைத்து, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃபாட் வாக் என்று அதற்குப் பெயர் சொன்னார். தினம் விடிகாலையில் பறப்பு தொடங்குமுன் அதிகாரி, சிப்பாய் என்று பார்க்காமல் எல்லாரும் கைநீட்டினால் தொடும் இடைவெளியில் வரிசையாக நின்று, ஓடுதளத்தைத் தரை பார்த்தபடி நடந்து கடப்பார்களாம். கல், ஆணி, கம்பித் துண்டு, பாட்டில் மூடி, எது கிடந்தாலும் பைக்குள். ஜெட் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது ஒரு திருகாணி உள்ளே போனால் போதும், பிளேடுகள் சிதறிவிடும். பயணிகள் விமானம் வந்துபோன மறுநாள் கூடுதலாகப் பொறுக்குவார்களாம். பெட்டிச் சக்கரத்தின் துண்டு, பூட்டுச் சாவி, ஒரு தடவை குழந்தையின் கொலுசுத் திருகு. "கொலுசக் குடுத்துட்டீங்களா?" என்றேன். "திருகுதான்டா கெடச்சது" என்றார்.

சனி ராத்திரி, அதே லாட்ஜ்

தூக்கம் வரவில்லை, கொச்சியையும் எழுதிவிடுகிறேன். துறைமுகம் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய வில்லிங்டன் தீவில் 1930-களில் போட்ட ஓடுதளம். போரில் பிரிட்டிஷ் படையிடம் போனது, 1953 மே 11-ல் ஐ.என்.எஸ். கருடா ஆனது. நம் கடற்படைக்கு முதல் விமானத் தளமே அதுதான். பயணிகள் விமானமும் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பக்கமும் தண்ணீர், நீட்ட இடமில்லை, வளைகுடா போகிற மலையாளிகளைச் சுமக்கும் பெரிய விமானங்கள் இறங்க வழியில்லை. நெடும்பாச்சேரியில் பொதுமக்களிடமும் வெளிநாட்டு மலையாளிகளிடமும் பணம் திரட்டிப் புதிய நிலையம் கட்டினார்கள். 1999 ஜூனில் ஒண்டுக்குடித்தனம் முடிந்தது.

முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாச்சேரி ஓடுதளம் தண்ணீருக்குள் போனது. ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடல். அப்போது கடற்படை கருடாவைத் திறந்துவிட்டது. ஆகஸ்ட் 20-ல் பெங்களூருவிலிருந்து சின்ன ஏ.டி.ஆர். விமானம் வந்து இறங்கியது. பத்தொன்பது வருஷம் கழித்து வில்லிங்டன் தீவில் பயணிகள்.

நமக்கும் இதே கதை உண்டு. 2015 டிசம்பர் மழையில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில்தான் பயணிகள் விமானங்கள் இறங்கின. அதன் ஓடுதளம் நான்கு கிலோமீட்டரைத் தாண்டும், எந்த விமானத்துக்கும் தாராளம். சும்மா கிடந்த நிலத்தைக் கடற்படை மறித்து வைத்திருக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்த இரண்டு வெள்ளங்களையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

ஞாயிறு, உச்சிப்புளி

ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர். ஊர் நெருங்க நெருங்கத் தென்னந்தோப்பும் பனையும் அடர்த்தியாகின்றன. ரோட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. கார்க் கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்குகிறது. கச்சான் என்கிறார்கள் இங்கே. ஓலையெல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா, "காத்துக்கு எதிராத்தான் எறங்கணும், எதிராத்தான் ஏறணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தளத்துக்குள் போக முடியாது, வாசலில் நின்று படம் எடுக்கவும் கூடாது. ஆகவே இந்தப் பதிவில் படம் இல்லை. காவலுக்கு நின்ற பையனிடம் பெரியப்பா தன் பழைய அடையாள அட்டையைக் காட்டினார். பையன் நிமிர்ந்து நின்று, இந்தியில் மரியாதையாக ஏதோ சொல்லி, உள்ளே மட்டும் விடவில்லை. "நானா இருந்தாலும் விட்டுருக்க மாட்டேன்" என்று பெரியப்பா திரும்பி வந்தார்.

எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் வாயிலிருந்து 1990 வந்தது.

இந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு வரைபடம் பார்த்தால் போதும். உச்சிப்புளி நிற்பது ஒரு நீண்ட நிலத்துண்டின் மேல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமார். 1974, 1976 ஒப்பந்தங்களில் கடல் நடுவே எல்லைக்கோடு விழுந்து, கச்சத்தீவு அந்தப் பக்கம் போன பிறகு, கோட்டைக் கண்காணிக்க மேலேயிருந்து கண் தேவைப்பட்டது. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வந்தது. ஜூனில் அங்கே மறுபடி சண்டை வெடித்தது. படகு படகாக அகதிகள் இந்தக் கரைக்கு வந்தார்கள். அதே கடலில் டீசல், மருந்து, வெடிபொருள் அந்தப் பக்கம் போனது. அந்த ஜூனில் கடற்படை தொடங்கிய ரோந்துக்கு ஆபரேஷன் தாஷா என்று பெயர்.

அந்த ரோந்துக்கு வந்தது ஐலாண்டர் விமானம். பெரியப்பா கொச்சியிலிருந்து அதோடுதான் இங்கே வந்தார். ஐலாண்டரைப் பற்றிக் கேட்டால் அவர் முகமே மாறிவிடுகிறது. பிரிட்டிஷ் தயாரிப்பு. இரண்டு புரொப்பெல்லர், இறக்கை தலைக்கு மேலே, சக்கரம் உள்ளே மடங்காது. உள்ளே சத்தத்தில் பேச முடியாது, சைகைதான். தரையிலிருந்து கிளம்ப நானூறு மீட்டர் போதும், மண் தரையானாலும் கவலையில்லை. இறக்கை மேலே இருப்பதால் கீழே கடல் மறைக்காமல் தெரியும். தாழப் பறந்தால் படகில் எத்தனை பேர், என்ன மூட்டை என்று எண்ணலாம். கூடவே சேடக் ஹெலிகாப்டர். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பதால் பறந்து வந்த ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர்தான் இங்கே கிடைக்காத பொருள். "குடிக்கிறதுக்கு அளந்து குடுப்பாய்ங்க. பிளேனுக்கு லாரி லாரியா வரும்" என்றார்.

உச்சிப்புளி ஓடுதளம் இன்றும் குட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணம். சின்ன விமானத்துக்காகப் பிறந்த தளம். 2009-ல் அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் சுரீஷ் மேத்தா வந்து ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் சூட்டி முழுத் தளமாக்கினார். விமானத் தளத்துக்குப் பறவைப் பெயர் வைப்பது பிரிட்டிஷ் கடற்படை காலத்துப் பழக்கம். போரின்போது தாம்பரத்தில் அவர்கள் வைத்திருந்த தளம் வல்லூறு, சூலூரில் இருந்தது வைரி. இங்கிருந்து கடலைத் தாண்டினால் வரும் புத்தளத்தில்கூட 'ராஜாளிய' என்று ஒரு தளம் இருந்தது. 2012-ல் பருந்துக்குள் ஆளில்லா விமானப் படைப்பிரிவு வந்தது. கொச்சி, போர்பந்தருக்கு அடுத்து கடற்படையின் மூன்றாவது பிரிவு. இஸ்ரேலில் செய்த ஹெரான், சர்ச்சர். ஐலாண்டர் நாலைந்து மணி நேரத்தில் எண்ணெய்க்குத் திரும்ப வேண்டும், இவை நாள் முழுக்க மேலே சுற்றும்.

"ராத்திரில ஒரு இரைச்சல் கேக்கும்ணே, ங்ங்ங்ங்னு" என்றார் டீக்கடைக்காரர். "மொதல்ல பிள்ளைக தூங்க மாட்டேன்னுச்சுக. இப்ப அது கேக்கலன்னாத்தான் என்னான்னு பாக்குதுக."

விமானம் வருவது பற்றி அவரிடமே கேட்டேன். பாலை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார். வந்தால் நல்லதுதான், கடைக்கு ஆள் வரும். ஆனால் ரன்வேயை நீட்டினால் யார் தோப்பு போகும் என்று தெரியவில்லை. மச்சான் ஒருத்தருக்கு அந்தப் பக்கம் அறுபது தென்னை இருக்கிறது. "ஒரு பக்கம் ரோடும் ரயிலும், ஒரு பக்கம் வீடுக. எந்தப் பக்கம்ணே நீட்டுவாக?"

பெரியப்பா டம்ளரை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டார். இங்கே போயிங்கும் ஏர்பஸ்ஸும் வருவதற்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுதளம் வேண்டும். அது இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை. ஏ.டி.ஆர். என்றால் ஒன்றரை கிலோமீட்டருக்குள் எழும்பிவிடும். சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் அதுதானே வருகிறது. எழுபது பேர் உட்காரலாம். சென்னையிலிருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வேலியைப் பிரித்து ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு முனையம். கடற்படைக்கும் நீளமான ஓடுதளம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாது. இழுபறி அதற்கப்புறம்தான்.

"என்ன இழுபறி?"

"நேரம்டா. இங்க ட்ரோன் எறங்குற நேரத்துல உன் பிளேன் மேல சுத்தணும். மேல சுத்துனா எண்ணெய் தீரும், கம்பெனிக்காரன் ரெண்டு மாசம் பாப்பான், மூணாவது மாசம் நிப்பாட்டிருவான்."

எனக்கு இது இதுவரை எந்தச் செய்தியிலும் படிக்காத விஷயம். எத்தனை ஏக்கர், எத்தனை கோடி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். எட்டரை மணியா, பதினோரு மணியா என்று யாரும் கேட்பதில்லை. சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்து, அக்கினி தீர்த்தத்தில் குளித்து, தரிசனம் முடித்து, சாயங்காலம் திரும்ப நினைக்கிறவருக்கு ரன்வே மதியம்தான் திறக்கும் என்றால் அந்த விமானத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம், பேக்கரும்பு

மண்டபத்தில் நண்டும் விளைமீனும் வைத்துச் சாப்பிட்டோம். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் எல்லாரையும்போல நாங்களும் காரை ஓரங்கட்டிப் புதிய ரயில் பாலத்தைப் பார்த்தோம். 2025 ஏப்ரலில் திறந்தது. நடுப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும். பக்கத்தில் 1914-ன் பழைய பாலம், ஓய்வில். காற்று ஆளைத் தள்ளியது, பெரியப்பாவை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டேன்.

பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, விமானி ஆகணும் என்று டேராடூனுக்கு நேர்காணலுக்குப் போனவர். எடுக்க வேண்டியது எட்டுப் பேர், அவர் ஒன்பதாவது. 2015 ஜூலை 29-ல் அவர் உடலை டெல்லியிலிருந்து மதுரைக்கு விமானப்படை விமானத்தில் கொண்டுவந்தார்கள். மதுரையிலிருந்து ஹெலிகாப்டரில் மண்டபம், அங்கிருந்து ரோட்டில். பெரிய விமானம் இறங்க இந்த மாவட்டத்தில் இடம் இல்லை. பிரதமர் வந்தாலும் ஹெலிகாப்டர்தான்.

உள்ளே கூட்டம் அதிகம். பெரியப்பா ராக்கெட் மாதிரிகளை விட்டுவிட்டுப் புகைப்படங்களில் பின்னால் நிற்கும் விமானங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனார். ஒரு பள்ளிக்கூடப் பையன் கூடவே நடந்து கேட்டான்.

திங்கள், ராமநாதபுரம்

இன்று அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலையில் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியம் பார்த்தோம். அப்புறம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லி.

சாப்பிடும்போது ஒரு கணக்கு எடுத்தேன். கடற்படையோடு ஓடுதளத்தைப் பகிர்ந்த ஊர்களில் கொச்சி தனிக்கட்டடம் போய்விட்டது. கோவா இரண்டாவதாக ஒன்று கட்டிக்கொண்டது. விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். டேகாவோடு இருந்தவர்கள் போகாபுரத்தில் தனியாக ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கி, 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தமானின் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஐ.என்.எஸ். உத்க்ரோஷோடு ஒண்டுக்குடித்தனம் தொடர்கிறது. தீவில் வேறு இடத்துக்கு எங்கே போவது? இதையெல்லாம் பார்த்தால் கூட்டம் பெருகியதும் எல்லாரும் வெளியேறத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அத்தனை ஊர்களும் அந்தக் கூட்டத்தைச் சேர்த்ததே கடற்படை ரன்வேயில் இறங்கித்தான். கீழக்கரைப் பக்கம் புதிதாகக் கட்டி முடிக்க எத்தனை வருஷமாகுமோ. அதுவரை உச்சிப்புளியில் ஏ.டி.ஆர். இறங்கட்டும் என்பது என் கட்சி. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் பயணிகளுக்கு என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தோப்புக்காரர்களுக்கு எந்தப் பக்கம் நீட்டுகிறார்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் கொடுத்தாலும் எல்லையில் ஏதாவது என்றால் மறுநாளே ரன்வேயை மூடுவார்கள், மூடத்தான் வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்னொரு இட்லி சொன்னேன்.

நாளைக்கு அவருக்கு மதுரையில் கண் செக்கப். அதனால் பத்தரைக்கே காரை எடுத்துவிட்டோம். பரமக்குடியில் பெரியம்மா சொல்லிவிட்டிருந்த குண்டு மிளகாய் இரண்டு கிலோ வாங்க வேண்டும்.